ஒலிம்பியா (1938 திரைப்படம்)

ஒலிம்பியா என்பது 1936 ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டிகளைப் பற்றி லெனி ரீஃபென்ஸ்டால் இயக்கிய ஜெர்மானிய ஆவணப்படமாகும். இது மக்களின் விழா, அழகின் விழா என்னும் இரு பாகங்களைக் கொண்டது. 1938 ஏப்ரல் 20 அன்று, ஹிட்லரின் 49 ஆவது பிறந்த நாளில், பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. விளையாட்டுப் படங்களுக்கு இலக்கணம் வகுத்த படமாகவும் நாட்சி அரசின் பரப்புரைப் படமாகவும் இது ஒருசேர அறியப்படுகிறது.

நிதியும் தயாரிப்பும்

தாம் சுதந்திரமாக எடுத்த படம் இது என்று ரீஃபென்ஸ்டால் இறுதிவரை கூறிவந்தார். ஆனால் ஜெர்மன் அரசின் ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. கோயபல்ஸின் பரப்புரை அமைச்சகம் இதற்கென 15 லட்சம் ரைக்மார்க் ஒதுக்கியது. அரசே படம் எடுப்பது வெளியில் தெரியக்கூடாது என்பதற்காகவே 1935 இன் இறுதியில் ஒலிம்பியா-ஃபிலிம் என்ற நிறுவனம் அவர் பெயரில் தொடங்கப்பட்டது.

போட்டிகளின்போது ஏறத்தாழ 4 லட்சம் மீட்டர் படச்சுருள் பதிவு செய்யப்பட்டது. ஓடுபவரின் பக்கவாட்டில் தண்டவாளத்தில் நகரும் கருவி, தாண்டுபவரை வானப் பின்னணியில் காட்டுவதற்காகத் தோண்டிய குழிகள், ஹான்ஸ் எர்ட்ல் பயன்படுத்திய நீரடி ஒளிப்பதிவு ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இன்றைய தொலைக்காட்சி ஒளிபரப்பில் இவற்றின் சாயலைக் காணலாம்.

எல்லாக் காட்சிகளும் போட்டியின்போதே எடுக்கப்பட்டவை அல்ல. கோலூன்றித் தாண்டும் இறுதிப்போட்டி இரவுவரை நீண்டதால், வீரர்களை மீண்டும் வரவழைத்துச் சில தாண்டல்களைப் படமாக்கினர். ஒலியும் பெரும்பாலும் பின்னர் சேர்க்கப்பட்டதே. முன்னுரைக் காட்சியைப் படமாக்கிய வில்லி சீல்கே 1937 இல் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, நாட்சிச் சட்டத்தின்படி கட்டாயக் கருத்தடைக்கு உள்ளானார்.

பரப்புரைத் தன்மை

நான்கு தங்கப் பதக்கங்கள் வென்ற கறுப்பின அமெரிக்கர் ஜெசி ஓவன்ஸ் படத்தில் பெருமையுடன் காட்டப்படுகிறார். எனவே இது பரப்புரை அன்று என வாதிடுவோர் உண்டு. இவ்வாதம் வலுவற்றது. அரசு விரும்பியது இன வெறுப்பு முழக்கத்தை அன்று. பண்பட்ட, அமைதியை நாடும் ஜெர்மனி என்ற தோற்றத்தை. ஹிட்லர் இங்கே சாதாரண விளையாட்டு ரசிகர்போல் பார்வையாளர் வரிசையில் தோன்றுகிறார்.

படத்தில் இடம்பெறாதவை இதனைத் தெளிவாக்கும். உயரம் தாண்டுதலில் 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மன் சாதனையைச் சமன் செய்த கிரெட்டல் பெர்க்மான், யூதர் என்பதால் அணியில் சேர்க்கப்படவில்லை. போட்டிக்கு முன் பெர்லினின் ரோமா, சிந்தி மக்கள் மார்ட்சான் முகாமுக்கு அகற்றப்பட்டனர்.

மாரத்தானில் வென்ற சோன் கீ-சுங் கொரியர். தாய்நாடு ஜப்பானின் ஆட்சியில் இருந்ததால் ஜப்பானியப் பெயரில் ஓடினார். அவரது ஓட்டம் படத்தின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று.

கிரேக்கத்திலிருந்து தீபம் கொண்டுவரும் தொடரோட்டமும் பண்டைய வழக்கம் அன்று. கார்ல் டீமின் முன்முயற்சியில் 1936 இல் தொடங்கியது. அதற்குப் பழம்பெருமைத் தோற்றம் அளித்ததில் இப்படத்துக்குப் பெரும் பங்குண்டு. 2008 இல் புதுதில்லி வழியாகச் சென்றதும் இதே தொடரோட்டத்தின் வழிவந்ததே.

இந்தியா

இரண்டாம் பாகத்தில் ஹாக்கிக்குச் சிறு இடமே கிடைத்தது. மழையால் தள்ளிவைக்கப்பட்டு 1936 ஆகஸ்ட் 15 அன்று நடந்த இறுதிப்போட்டியில் தியான் சந்த் தலைமையிலான இந்திய அணி ஜெர்மனியை 8-1 என வீழ்த்தியது. அன்று இந்தியா பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தது. சரியாகப் பதினோராண்டுகளுக்குப் பின் அதே நாளில் விடுதலை பெற்றது.

வரவேற்பு

1938 வெனிஸ் திரைப்பட விழாவில் முசோலினி கிண்ணம் இப்படத்துக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் படத்தை விற்க ரீஃபென்ஸ்டால் அமெரிக்கா சென்றிருந்தபோது ஜெர்மனியில் யூதர்களின் வழிபாட்டிடங்களும் கடைகளும் தாக்கப்பட்டன. ஹாலிவுட்டில் பெரும்பாலோர் அவரைப் புறக்கணித்தனர். வால்ட் டிஸ்னி மட்டும் வரவேற்றார். போருக்குப் பின் நடந்த விசாரணைகளில் அவர் நாட்சிகளின் உடன்சென்றவர் என வகைப்படுத்தப்பட்டார். 2003 இல் தமது 101 ஆவது வயதில் காலமானார்.