தீக்குச்சியும் வால்வு டியூபும்: ஹோஷங்காபாத் கதை



பொம்மனஹள்ளியில் நம்ம ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் வீட்டு வாடகை, ஓசூர் ரோடு டிராஃபிக், அப்புறம் பிள்ளைகள் படிப்பு. "எட்டாவது வந்ததுலேர்ந்து கிளாஸ்ல மனசே நிக்கலைங்க" என்பது பொதுப் புலம்பல். பழியை செல்போன் மேல் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம். செல்போனே இல்லாத காலத்திலும் இதே புலம்பல் இருந்தது. அதற்கு ஒரு மாவட்டமே விடை தேடியது.

வருடம் 1972. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டம் (இப்போது நர்மதாபுரம்). கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் அரசிடம் அனுமதி வாங்கி, 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் வகுப்பையே மாற்றின. தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் விஞ்ஞானிகள் உதவிக்கு வந்தார்கள்.

என்ன மாற்றம்? பிள்ளைகள் நாலு நாலு பேராக உட்கார்ந்து தாங்களே சோதனை செய்ய வேண்டும். பூவைப் பிரித்துப் பார்க்கணும், வயலுக்குப் போகணும், பார்த்ததை எழுதணும், சண்டை போட்டு முடிவுக்கு வரணும். 'பால் வைஞானிக்' என்ற பாடநூல் எளிய இந்தியில் கேள்விகளாகக் கேட்டது, விடையை ஊட்டவில்லை. சவாலிராம் என்று ஒரு கற்பனை மனிதர். அவருக்குக் கடிதம் போட்டு எதை வேண்டுமானாலும் கேட்கலாம், பதில் வரும்! பரீட்சையிலும் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். கூடவே செய்முறைத் தேர்வும் உண்டு. எங்கள் வங்கியிலும் சர்க்குலரைப் பார்த்துத்தானே கடன் கொடுக்கிறோம், மனப்பாடம் பண்ணியா கொடுக்கிறோம்? :-)

1978-ல் திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் போனது. அதே வருடம் கான்பூர் ஐஐடியில் படித்து டெல்கோவில் வேலை பார்த்த அர்விந்த் குப்தா, லீவு போட்டுவிட்டு கிஷோர் பாரதிக்கு வந்தார். அங்கேதான் சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி உருவங்கள் செய்தார். நாலு குச்சியில் சதுரம் செய்து ஒரு மூலையை அழுத்தினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சி முக்கோணம் அசையாது. டவரில் ஏன் இத்தனை முக்கோணம் என்பது கைக்கே புரிந்துவிடும். 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

1982-ல் ஏகலவ்யா அமைப்பு பிறந்து பொறுப்பை எடுத்துக்கொண்டது. திட்டம் வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. 2002-ல் மாநில அரசே அதை மூடிவிட்டது. மாவட்டத்தில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைவதற்கு இதுதான் காரணம் என்பது புகார். எட்டாவதோடு முடியும் ஒரு அறிவியல் பாடத்தின் மீது பத்தாவதின் மொத்த ரிசல்ட்டையும் பற்று எழுதுவது என்ன கணக்கு? காமர்ஸ் படித்த எனக்கு விளங்கவில்லை.

ஆனால் அரசை மட்டும் சொல்லிப் பயனில்லை. மார்க் ஒன்றைத்தான் நாமும் கேட்கிறோம். வெளியூர் வந்த நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் இங்கிலீஷ். மனதில் தமிழில் எழும் கேள்வியை இங்கிலீஷில் கோர்ப்பதற்குள் டீச்சர் அடுத்த பக்கம் போயிருப்பார். வாய் மூடிய பிள்ளைக்கு அப்புறம் மனசும் மூடிக்கொள்கிறது.

அந்தக் கேள்வியை வீட்டிலாவது தமிழில் கேட்க விடுங்கள். பதில் தெரியவில்லையா? "வா, சேர்ந்து பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். ஒரு தீப்பெட்டி, சைக்கிள் கடையில் கொஞ்சம் வால்வு டியூப்... இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அது போதும்.