மறந்துடு என்று சொல்லாதீர்கள்

கண்ணை மூடினால் செத்துப்போன நண்பன் வருகிறான். குண்டு வெடித்து, தலை வேறு, கைகால் வேறாகச் சிதறிக் கிடக்கிறான். தேடிப்போய் அந்தக் கோலத்தில் கண்டெடுத்த இளம் ராணுவ அதிகாரிக்கு ராத்திரி என்றாலே நடுக்கம்.

முதல் உலகப் போர் சமயம். இந்த மாதிரி ஆட்களுக்கு எல்லாரும் சொன்ன ஒரே வைத்தியம், ‘மறந்துடுப்பா.’ அவரும் பகலெல்லாம் கஷ்டப்பட்டு மறந்தார். ராத்திரி அது வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

ஷெல் ஷாக் என்று இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் வியாதி என்று ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனசில்லை. பேச்சு நின்றுபோன சிப்பாயின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்த டாக்டர்கள் உண்டு. ஓடிப்போனவன், கோழை என்றெல்லாம் சொல்லிப் பிரிட்டன் தன் சிப்பாய்களையே நிற்கவைத்துச் சுட்டது. அப்படிச் செத்த 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்பு வந்தது!

நம் அதிகாரிக்கு வாய்த்த டாக்டர் வேறு ரகம். பெயர் ரிவர்ஸ். நீலகிரிக்குத் தெரிந்தவர்தான். 1901-02ல் அங்கே வந்து, தோடர்களிடம் குடும்பம் குடும்பமாக வம்சாவளி கேட்டு எழுதி, 1906-ல் பெரிய புத்தகமே போட்டவர். அடுத்தவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது அவருக்குப் பழகிய வேலை.

ரிவர்ஸ் மறக்கச் சொல்லவில்லை. எந்நேரமும் அதையே நினைத்துக் கிடக்கவும் சொல்லவில்லை. பேசச் சொன்னார். கேட்டுவிட்டு ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார். உடம்பு அந்த அளவு சிதறியிருக்கிறதென்றால் கணத்தில் உயிர் போயிருக்கும். நண்பன் துடிக்கவே இல்லை.

அதிகாரியின் முகம் தெளிந்தது. சில நாள் கனவே இல்லை. பிறகு ஒருநாள் வந்தது. அதே இடம், அதே உடல். பக்கத்தில் மண்டியிட்டு, வீட்டாருக்குக் கொடுக்க நண்பனின் பொருள்களை எடுக்கிறார். பெல்ட்டைக் கழற்றும்போது விழிப்பு. நடுக்கம் இல்லை. மெல்ல அழுதுகொண்டிருந்தார்.

பயம், துக்கமாக மாறிவிட்டது. துக்கத்தோடு மனிதன் வாழ்ந்துவிடலாம், இல்லையா?

எல்லாருக்கும் இது பலிக்கவில்லை. ஆறுதலுக்கு ஒரு துரும்புகூடக் கிடைக்காத கேஸ்களும் உண்டு என்று 1918-ல் வந்த தன் கட்டுரையில் ரிவர்ஸே எழுதிவைத்தார்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. எடின்பரோ பக்கம் கிரெய்க்லாக்கார்ட் ராணுவ ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. அங்கே குணமானவன் மறுபடி போர்முனைக்குத்தான் போகவேண்டும். 1917 ஜூலையில் கவிஞர் சசூனை அங்கே அனுப்பினார்கள். இந்தப் போர் வேண்டுமென்றே இழுக்கப்படுகிறது என்று பகிரங்கமாக அறிக்கை விட்டதுதான் அவர் செய்த தப்பு. ரிவர்ஸ் அவரோடு மாதக்கணக்கில் பேசினார். கடைசியில் சசூன் தானே முன்வந்து போருக்குத் திரும்பினார். மறு வருஷம் தலையில் குண்டடி. நல்லவேளை, பிழைத்தார்.

இன்றைக்கு கவுன்சலர் முன்னால் போய் உட்காருகிறவரை யாரும் பதுங்குகுழிக்கு அனுப்புவதில்லை. திரும்பிப் போவது வீட்டுக்குத்தான். அங்கே ‘மறந்துடு’ என்று சொல்ல நாம் காத்திருக்காமல் இருந்தால் போதும்.