பிறப்புப் பதிவு இல்லாதவரின் பிரஜாவுரிமை: மலையகத் தமிழர்

பிறந்தபோது பதிவு செய்யப்படாத தாய்க்கோ தகப்பனுக்கோ பாட்டனுக்கோ பின்னாளில் பிரஜாவுரிமையை நிறுவ வேண்டிய நிலை பல நாடுகளில் உண்டு. இந்தியாவிலிருந்து பெருந்தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்து இலங்கையில் வாழும் மலையகத் தமிழருக்கு அது ஒரு குடும்பத்தின் சிக்கலாக நிற்கவில்லை. ஒரு சமூகமே அரை நூற்றாண்டுக்கு மேல் சுமந்த பாரமாயிற்று. இந்த உரிமையைத் தமிழகத்தில் 'குடியுரிமை' என்பார்கள். மலையகத்தில் வழங்கும் சொல் 'பிரஜாவுரிமை'.

சிக்கலின் வேர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம். அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால், அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தான் அந்த மண்ணில் பிறந்ததைக் காட்டினால் மட்டும் போதாது. மணவுறவில் பிறந்தவருக்குத் தாய்வழி கணக்கிலேயே இல்லை. தாய் பிரஜையாக இருந்தாலும் பிள்ளைக்கு அந்த உரிமை சேரும் என்ற திருத்தம் 2003இல்தான் வந்தது. அதே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில், பெற்றோர் யாரென்று தெரியாமல் கைவிடப்பட்டுக் கிடந்த பச்சிளங்குழந்தையை, மாறாக நிறுவப்படும்வரை, வம்சாவளிப் பிரஜையாகக் கொள்ளும் பிரிவும் இருந்தது. பெற்றோர் தெரியாத குழந்தைக்குக் கிடைத்த அந்தச் சலுகை, தகப்பன் பெயர் தெரிந்தும் அவன் பிறந்ததற்கான தாள் இல்லாத தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை.

தாள் ஏன் இல்லை? 1920களில் ஒரு லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், பிள்ளை பிறந்த நாளை நினைத்துப் பார்க்கலாம். மருத்துவச்சி தொப்புள்கொடி அறுக்கிறாள். தகப்பன் மறுநாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில், மேற்பார்க்கும் கங்காணியிடம் சேதி சொல்கிறான். கங்காணி கணக்கப்பிள்ளையிடமும், கணக்கப்பிள்ளை தோட்டத்து ஆபீசிலும் சொல்ல வேண்டும். ஆபீசிலிருந்து பதிவாளருக்கு அறிவித்தல் போக வேண்டும். இதில் ஒருவர் மறந்தாலும் அந்தப் பிள்ளை ஏட்டில் இல்லை. போய்ச் சேர்ந்தாலும் தகப்பன் பெயர் ஓரிடத்தில் 'ராமன்', இன்னோரிடத்தில் 'ராமசாமி', தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்று நிற்கும். எழுதத் தெரியாத தகப்பனால் அதைச் சரிபார்க்க முடியாது. மலையகத் தொழிலாளரைப் பற்றிய எழுத்தெல்லாம் பிறர் கையில் இருந்தது. அதில் நேர்ந்த பிழைக்கான தண்டனை மட்டும் அவர்கள் தலையில் விழுந்தது.

வம்சாவளி வாசல் இப்படி அடைபட்டவர்களுக்கென்று 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்தைய 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இந்தியாவில் உள்ள ஊருக்குப் போய் இருந்துவிட்டால் வதிவு அறுந்துவிடும். காவேரிக்கரையிலோ புதுக்கோட்டைச் சீமையிலோ பெற்றவர்களைப் பார்க்கப் போனவர், அங்கே நோயில் விழுந்தோ கல்யாணக் காரியத்தில் சிக்கியோ சற்றுக் கூடுதலாகத் தங்கியிருந்தால், பல ஆண்டு உழைப்பும் கணக்கில் சேராது. இந்த மக்களின் அரசியல் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் விண்ணப்பங்களைப் புறக்கணித்தது. பிறகு அது மனம் மாற, 1951 ஆகஸ்டில் கெடு முடிவதற்குள் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஏறத்தாழ 8.25 லட்சம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. பிரஜாவுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1.34 லட்சம் பேருக்குத்தான். உரிமை மறுப்பை எதிர்த்து 1952இல், காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான சௌமியமூர்த்தி தொண்டமான் தலைமையில் சத்தியாக்கிரகம் நடந்தது. பிரஜாவுரிமை, வாக்குரிமைச் சட்டங்களை எதிர்த்த கோடாக்கன் பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. இந்தச் சட்டங்கள் எந்த இனத்துக்கும் பாரபட்சம் காட்டவில்லை என்று 1953இல் தீர்ப்பாயிற்று. எழுத்தளவில் அது சரியாகத் தோன்றலாம். பதிவேடு இல்லாத லயத்தில் அதன் விளைவு என்ன என்பதை அந்தத் தீர்ப்பு எடைபோடவில்லை என்பதே என் கருத்து.

1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 நாடற்றோரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேர் 1974இல் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை என்றாகிய குடும்பங்கள் உண்டு. 1986, 1988 சட்டங்கள் எஞ்சியோரில் ஒரு பகுதியினரின் நிலையைத் தீர்த்தன.

பெரிய திருப்பம் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினரும், அப்படி வாழ்ந்தவரின் சந்ததியில் வந்து இலங்கையில் வாழ்பவரும் பிரஜைகளாயினர். பாட்டன் எங்கே பிறந்தார் என்று கேட்பதை விட்டு, இந்த மனிதர் எங்கே வாழ்ந்தார் என்று கேட்ட சட்டம் இது. ஐ.நா. அகதிகள் ஆணையமும் கைகொடுத்து நடந்த பத்து நாள் இயக்கத்தில் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர் பிரஜாவுரிமை பெற்றனர். ஐம்பத்தைந்து ஆண்டுச் சிக்கலில் எஞ்சியிருந்ததன் பெரும்பகுதியைத் தீர்க்கப் பத்து நாள் போதுமாயிருந்தது.

ஆனால் சட்டத்தில் பிரஜையாவது வேறு, கையில் தாள் இருப்பது வேறு. தேசிய அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கும் ஊழியர் சேமலாப நிதியும் எட்டாது. அந்த அட்டைக்கு முதலில் கேட்பது பிறப்புச் சான்றிதழைத்தான். பதிவு இல்லாத முதியவருக்காக உறவினர் செய்யும் வேலை பெரும்பாலும் ஒரே வழியில் போகும். முதலில் பதிவேடுகளைத் தேடக் கொடுக்க வேண்டும். பெயர் மாறி எங்கேனும் ஒளிந்திருக்கலாம். தேடியும் இல்லை என்ற பதில் எழுத்தில் கிடைத்த பிறகு, காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்கலாம். உத்தேச வயதுச் சான்றிதழ் வயதைச் சொல்லும், பிரஜாவுரிமையைச் சொல்லாது. அதை வாங்கி வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளிக்கூட வரவுப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, கூடப் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் சான்றிதழில் பெற்றோர் பற்றி எழுதியிருப்பது, பழைய வாக்காளர் இடாப்பு, கிராம உத்தியோகத்தர் அல்லது தோட்ட அதிகாரியின் உறுதி ஆகியவை ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். பெயர் வேறுபட்டால், இரண்டும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து இணைப்பது வழக்கம்.

கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியாவிலும் இந்தக் கதை முடியவில்லை. தமிழருக்கு எதிரான 1983 வன்செயலில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த மலையகத் தமிழரில் பலர் தமிழ்நாட்டு முகாம்களில் அகதிகளாகவே மூப்படைந்தனர். அவர்களில் சிலர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில் உத்தரவிட்டது.

உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பாட்டன் பெயருள்ள செக்ரோல் துண்டோ, அரிசிக் கார்டோ, பழைய பாஸ்போர்ட்டோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பிரதி எடுத்து வையுங்கள். அதில் உள்ள பெயரை, எழுத்துக்கூட்டல் பிழையோடு, அப்படியே குறித்து வையுங்கள். பதிவு இல்லாத மூத்தவர் வீட்டில் இருந்தால், அவர் பிறந்ததை அறிந்த ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்துக்குப் போய்விடுங்கள்.