பத்து வரைக்கும் எண்ணத் தெரிந்தவன்: கொரிய எண்களும் என் திருத்தமும்

இன்னைக்கு முதல்ல ஒரு திருத்தம். கொஞ்ச காலம் முன்னாடி ஒரு பகுதியில, பேச்சோட பேச்சா, "கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்ததுதான், அங்கேயும் அம்மா அப்பான்னுதான் கூப்பிடறாங்க"ன்னு சொல்லிட்டேன். அதைக் கேட்ட ஒரு ஆசிரியர் வகுப்பிலேயே அப்படியே சொல்லியிருக்கார். அவரோட மாணவி ஒருத்தி, கொரிய நாடகம் பார்த்துப் பார்த்து மொழியையே படிக்க ஆரம்பிச்ச பொண்ணு, எனக்கு ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினா: "அப்படின்னா ஒண்ணு, ரெண்டு, மூணுக்கு ஏன் ஒரு சொல்லுகூட ஒத்துவரலை?" எங்கிட்ட பதில் இல்லை. இந்தப் பகுதி அந்தப் பிள்ளைக்கு நான் பட்ட கடன்.

வேடிக்கை என்னன்னா, அந்த எண்கள் எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும். சோமனூர்ல நான் படிச்சப்போ ஞாயித்துக்கிழமை காலையில மைதானத்துல டேக்வாண்டோ சொல்லிக் கொடுப்பாங்க. பின்னாடி தறிக்குடோன் சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும். அதுக்கு மேல கத்தணும்: ஹனா, துல், செட், நெட், தாசொட், யொசொட், இல்கொப், யொதொல், அஹொப், யொல். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு உதை. தமிழ்நாட்டுல எத்தனையோ பிள்ளைங்க கொரிய மொழின்னு தெரியாமலே கொரிய எண்ணைக் கத்துக்கிட்டது இப்படித்தான். அதே மைதானத்துல அசைவுக் கோர்வைகளுக்கு "தேகுக் இல் ஜாங், இ ஜாங், சாம் ஜாங்"னு பேரு. அந்த இல், இ, சாம்கூட ஒண்ணு, ரெண்டு, மூணுதான்னு யாரும் எனக்குச் சொல்லலை.

அது தெரிஞ்சது திருப்பூர்ல. 2010 ஜனவரியில இந்தியாவுக்கும் தென்கொரியாவுக்கும் பொருளாதார ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்குச் சில வருஷம் கழிச்சு நான் ஒரு ஏற்றுமதி நிறுவனத்துல மெர்ச்சன்டைசரா இருந்தேன். கொரியாவிலிருந்து ஒரு அம்மா சரக்கு பார்க்க வந்திருந்தாங்க. விலை மூணு டாலர். நான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு "செட் டாலர்"னேன். அவங்க சிரிச்சுட்டு "சாம்"னாங்க. சரின்னு பக்கத்துல இருந்த மூணு அட்டைப்பெட்டியைக் காட்டி "சாம்"னேன். இப்போ "செ"ன்னாங்க. மூணுன்னா செட்டா, சாமா, செவா? அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டேன்.

விஷயம் இதுதாங்க. கொரிய மொழியில எண்கள் ரெண்டு வரிசை. ஹனா, துல் அவங்க சொந்த எண்கள். இல், இ, சாம், சா, ஓ, யுக், சில், பல், கு, சிப் சீனத்திலிருந்து போன எண்கள். (ஏழும் எட்டும் "சில், பல்"! நம்ம காதுக்கு இதைவிட மோசமான எண் கிடையாது.) பொருளை, ஆளை, விலங்கை எண்ணச் சொந்த எண். பணத்துக்கு, தேதிக்கு, தொலைபேசி எண்ணுக்குச் சீன எண். கடிகாரத்துல ரெண்டும் வரும்: மணிக்குச் சொந்த எண், நிமிஷத்துக்குச் சீன எண். 3 மணி 3 நிமிஷம்னா ஒரே மூணை ரெண்டு விதமாச் சொல்லணும்.

கேட்டா தலை சுத்தும். ஆனா நம்ம ஊரையே பாருங்களேன். நூலோட கவுண்ட், ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜக் கழி எத்தனைங்கிற கணக்கு. ஊடையை ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்குன்னு எண்ணறோம். நெஞ்ச காடாத் துணி மீட்டர். அதே நூல் திருப்பூர் போய் பனியனா மாறினா டஜன். எந்தக் கணக்கு யார்கிட்டேயிருந்து வந்துச்சோ அந்தந்தப் பொருளோட ஒட்டிக்கிச்சு. யாரும் உட்கார்ந்து திட்டம் போடலை. கொரிய எண்களும் அப்படித்தான்.

அந்த "செ"வுக்கு வர்றேன். எண்ணுக்குப் பின்னாடி பெயர் வந்தா ஹனா "ஹன்" ஆயிடும், துல் "து", செட் "செ", நெட் "நெ". நாமளும் "ஒன்று வண்டி"ன்னு சொல்றதில்லையே? ஒரு வண்டி. இரண்டு இரு ஆகுது, மூன்று மு ஆகுது. இதைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஆசை திரும்ப வந்துச்சு, ஒருவேளை உறவு இருக்குமோன்னு.

அந்த ஆசை எனக்கு மட்டும் வந்ததில்லைங்க. 1886ல கொரியாவுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கப் போன அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட், 1905ல கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கண நூலே எழுதினார். வினை கடைசியில வர்றது, வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னாடி ஒட்டறது, எல்லாம் நம்ம மாதிரியே. உண்மைதான். ஆனா அதே அமைப்பு ஜப்பான், மங்கோலிய, துருக்கி மொழிகளிலும் இருக்கு. அமைப்பு ஒத்துப்போறதை வெச்சு ரத்த உறவு சொல்ல முடியாது.

அம்மா, அப்பா அதைவிடப் பலவீனமான சாட்சி. குழந்தை உதட்டை மூடித் திறந்தா முதல்ல வர்ற ஒலி ம, ப. உலகம் முழுக்கப் பெத்தவங்க அதைத் தங்களைக் கூப்பிடறதா எடுத்துக்கிட்டாங்க. ஜார்ஜிய மொழியில "மாமா"ன்னா அப்பா!

எண்கள் அப்படி இல்லை. மூன்று தெலுங்குல மூடு, கன்னடத்துல மூறு, மலையாளத்துல மூந்நு. பாகிஸ்தானோட பலுசிஸ்தான்ல பிராகுயின்னு ஒரு திராவிட மொழி இருக்கு. நம்மகிட்டேயிருந்து ஆயிரம் மைலுக்கும் மேல தள்ளி, பாரசீகத்துக்கும் பலூச்சிக்கும் நடுவுல கிடக்குது. அங்கே ஒண்ணு அசிட், ரெண்டு இராட், மூணு முசிட். நாலுலேருந்து எண்ணெல்லாம் கடன் வாங்கிட்டாங்க, ஆனா அந்த மூணு மட்டும் சாட்சியா நிக்குது. உறவுன்னா அப்படித் தெரியணும். செட்டுல மூணு தெரியலை. தாசொட்ல ஐந்து தெரியலை.

இது பிற்காலத்துல மாறிப்போன எண்களா இருக்குமோன்னும் பார்த்தேன். 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல சோங் அரசோட தூதுக்குழுவுல கொரியா போன சுன் மூங்கிறவர், அங்கே கேட்ட சொற்களைச் சீன எழுத்துல குறிச்சு வெச்சார். 'கெரிம் யூசா'ன்னு அந்தக் குறிப்புக்குப் பேரு. ஹங்குல் எழுத்து உருவானது 1443லதான். அதுக்கும் 300 வருஷத்துக்கு மேல முந்தினது இது. அதுல ஒண்ணுக்கு ஏறக்குறைய "ஹதுன்", பத்துக்கு "யொல்". அப்பவும் தமிழ்ச் சாயல் இல்லை.

ஆனா அதே குறிப்புல என்னை நிறுத்தின ஒரு சொல் இருக்கு. நூறுக்கு "ஒன்". கொரியர்களுக்கு நூறுக்குச் சொந்தச் சொல் இருந்திருக்கு! ஆயிரத்துக்கும் "சுமுன்"னு ஒண்ணு இருந்துச்சு. இன்னைக்கு அன்றாடக் கணக்குல ரெண்டும் இல்லை. நூறு "பேக்", ஆயிரம் "சொன்", ரெண்டும் சீனத்திலிருந்து வந்தவை. சொந்த எண் 99லேயே நின்னுடுது.

பாவம்னு சொல்ல வாய் எடுத்தேன். அப்புறம் நம்ம ஆயிரத்தைப் பார்த்தேன். சம்ஸ்கிருத சஹஸ்ர, பழைய கன்னடத்துல சாசிர, இப்போ சாவிர, நம்மகிட்ட ஆயிரம். மொழியறிஞர்கள் பெரும்பாலும் ஒத்துக்கிற வழி இது. இலட்சமும் கோடியும் அதே பக்கத்திலிருந்து வந்ததுதான். கோயமுத்தூர் வட்டாரத்துல தெலுங்கு பேசற வீடுகள்ல ஆயிரத்தை "வெய்யி"ங்கறாங்க. திராவிடச் சொல் அங்கே பிழைச்சுக் கிடக்கு. அந்த வீட்டுப் பிள்ளைங்களைச் சின்ன வயசுல நான் கிண்டல் பண்ணியிருக்கேன், "இதென்னடா வெய்யி"ன்னு.

பெரிய எண்ல இன்னொரு கோளாறு. கொரியாவுல பத்தாயிரத்துக்குத் தனிச் சொல்: "மான்". அதை வெச்சுத்தான் மேல போறாங்க. நம்ம ஒரு இலட்சம் அவங்களுக்குப் பத்து மான், ஒரு கோடி ஆயிரம் மான். எழுதறப்போ ஆங்கிலேயர் மாதிரி மூணு இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி, படிக்கறப்போ நாலு நாலா. ஒரு பட்டியலை அவங்க மானில் படிச்சு, நான் இலட்சத்துல படிச்சு, நடுவுல மில்லியன்ல சரிபார்ப்போம். கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டறதுதான் கடைசி வழி.

ஆக, தங்கச்சி, நீ கேட்டதுதான் சரி. நான் சொன்னது தப்பு. உன் ஆசிரியருக்கும் தனியா எழுதிட்டேன்.

போன வாரம் அந்த மைதானத்துப் பக்கம் போனேன். பசங்க யொல் வரைக்கும் கத்திட்டுத் திரும்ப ஹனாவுக்கு வந்தாங்க. தண்ணி குடிக்க நின்னப்போ ஒரு பொடியன்கிட்ட, "பதினொண்ணு என்னடா?"ன்னேன். தெரியலை. பக்கத்துல இருந்தவனுக்கும் தெரியலை. யொல்-ஹனா. பத்து-ஒண்ணு, நம்ம பதினொண்ணு மாதிரியேதான்னு சொன்னேன். "அப்போ பன்னெண்டு யொல்-துல்லுங்களா?"ன்னான். ஆமான்னேன். அடுத்த சுத்துல அவன் மட்டும் பத்தோட நிக்கலை. பத்தொன்பது வரைக்கும் உதைச்சான். இருபதுக்கு வேற சொல்லுன்னு சொல்ல மறந்துட்டேன். அது "ஸுமுல்".