சர்க்கரைக் கணக்கு நோயாளி கைக்கு வந்த கதை

தன் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று ஒரு நோயாளி வீட்டிலேயே பார்த்துக்கொள்வது 1960களில் நடக்காத காரியம். அது டாக்டரின் வேலை, லேபின் வேலை. நோயாளியின் வேலை சொன்னதைச் சாப்பிடுவதும், சொன்ன மருந்தைப் போட்டுக்கொள்வதும்தான். 1922ல் இன்சுலின் சிகிச்சைக்கு வந்து உயிரைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் உயிர் பிழைத்தவர்கள் வருடங்கள் போகப்போக கண், சிறுநீரகம், கால் என்று ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டில் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று, சிறுநீர்ச் சோதனை. நீல நிற பெனடிக்ட் கரைசலில் சில சொட்டு சிறுநீர் விட்டுச் சூடாக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய் செங்கல் சிவப்பு வந்தால் ஆபத்து. (பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்தவர்கள் லேபில் செய்து பார்த்திருப்பார்கள்.)

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் அது சிறுநீரில் இறங்கும். வயதாக ஆக இந்த எல்லை இன்னும் மேலே போகும். அதாவது ஒரு முதியவரின் ரத்தத்தில் சர்க்கரை 200க்கு மேல் இருந்தாலும் குழாய் நீலமாகவே இருக்கலாம். யாருக்கு அதிக எச்சரிக்கை தேவையோ அவருக்குத்தான் இந்தச் சோதனை அதிகமாகப் பொய் சொன்னது!

இந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஒரு டாக்டர் அல்ல, என்ஜினியர். அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைனுக்கு 1946ல், 12 வயதில், டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. முப்பதுகளிலேயே அவர் உடல் கெட ஆரம்பித்தது. 1969ல் ஒரு பத்திரிகையில் ஏம்ஸ் நிறுவனத்தின் ரத்தச் சர்க்கரை மீட்டர் விளம்பரத்தைப் பார்த்தார். இரவில் லேப் மூடியிருக்கும் நேரத்தில், மயங்கிக் கிடப்பவர் குடிபோதையில் இருக்கிறாரா, சர்க்கரை நோயாளியா என்று ஆஸ்பத்திரிகள் கண்டுபிடிப்பதற்கான கருவி அது. ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை, விலை சுமார் 650 டாலர். பணம் கொடுத்தாலும் நோயாளிக்கு விற்க மாட்டார்கள், டாக்டருக்குத்தான். நல்ல வேளையாக அவர் மனைவி ஒரு மனநல மருத்துவர்! அவர் பெயரில் மீட்டர் வாங்கப்பட்டது.

பெர்ன்ஸ்டைன் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை பார்த்தார். எதைச் சாப்பிட்டால் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இன்சுலினுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று நாட்குறிப்பேடு போலக் கணக்கு வைத்தார். மாவுச்சத்தைக் குறைத்தார். சர்க்கரை சீரானது, உடல் தேறியது. ஆனால் அவர் எழுதி அனுப்பியதை மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின. கேட்க ஆள் இல்லை என்றதும் 1979ல், 45 வயதில், மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்! அதற்கு முந்தைய வருடமே பிரிட்டனில் இரண்டு ஆய்வுக் குழுக்கள், நோயாளிகள் வீட்டிலேயே சோதித்துக்கொள்ள முடியும் என்று 'லான்செட்' இதழில் எழுதியிருந்தன.

1993ல் டிசிசிடி என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் கண் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைகிறது. கூடவே, சர்க்கரை அபாயமாக இறங்கும் 'லோ சுகர்' மூன்று மடங்கு கூடுகிறது. முக்கியமான விஷயம், அந்த 1,441 பேரும் 13 முதல் 39 வயதுக்காரர்கள். தாத்தா பாட்டிகள் ஒருவர்கூட அதில் இல்லை.

முதியவர்களைப் பற்றிய முதல் நல்ல செய்தி 2002ல் வந்தது. நோயின் வாசலில் நிற்பவர்களை வாரம் 150 நிமிடம் நடை போன்ற உடற்பயிற்சி, 7 சதவீத எடைக் குறைப்பு என்று பழக்கியதில், நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் மட்டும் பார்த்தால் 71 சதவீதம்! "இந்த வயசுக்கு மேல என்னத்த மாத்துறது" என்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

அடுத்த செய்தி கசப்பானது. சராசரி 62 வயதுள்ள, இதய நோய் அபாயம் அதிகமான 10,251 டைப் 2 நோயாளிகளிடம் அக்கார்டு என்ற ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு எச்பிஏ1சி 6க்குக் கீழே இருக்க வேண்டும் என்று பல மருந்துகளைக் கொடுத்து இறுக்கினார்கள். 2008ல் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. இறுக்கிய பிரிவில் 257 மரணங்கள், தளர்த்திய பிரிவில் 203. காரணம் என்ன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

காமர்ஸ் மாணவர்களுக்கு ஒன்று உடனே புரியும். எச்பிஏ1சி என்பது மூன்று மாத சராசரி. சராசரி நன்றாக இருக்கிறது என்பதால் நடுவில் பணம் காலியான நாளே இல்லை என்று அர்த்தமில்லை. முதியவருக்கு ஒரே ஒரு லோ சுகர் நாள் போதும், பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிய. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டோர் மருந்தின் பாதகத்தால் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னணிக் காரணங்களில் இன்சுலினும் சர்க்கரை மாத்திரைகளும் இருந்ததாக 2011ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

2012ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் முதியோர் மருத்துவச் சங்கமும் சேர்ந்து இலக்கைப் பிரித்தன. திடமாக இருக்கும் முதியவருக்கு 7.5க்குக் கீழ், பல நோய்கள் உள்ளவருக்கு 8, மிகவும் தளர்ந்தவருக்கு 8.5. அறுபது வயதுக்காரருக்கும் தொண்ணூறு வயதுக்காரருக்கும் ஒரே எண் என்ற பழக்கம் இதனால் ஆட்டம் கண்டது. இன்றும் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் "ஐயோ, 7.6ஆ!" என்று பாட்டியின் இட்லியில் ஒன்றைக் குறைக்கும் வீடுகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

தளர்ந்த இலக்குகளை ஒத்துக்கொள்ளாதவர் பெர்ன்ஸ்டைன். சாதாரண மனிதனுக்கு இருக்கும் 83 ஏன் சர்க்கரை நோயாளிக்கு இருக்கக் கூடாது என்று கடைசிவரை வாதிட்டார். அவர் வழி வேறு. மாவுச்சத்து குறைவு, அதனால் மருந்தும் குறைவு, கணக்கு தப்பினாலும் சிறிதளவே தப்பும். 2025 ஏப்ரலில் அவர் இறந்தபோது வயது 90. அதில் 78 வருடங்களுக்கும் மேல் சர்க்கரை நோயோடு வாழ்ந்தவை.