செம்புக் கம்பியின் முறுக்கு

அலுவலகங்களில் கணினிகளை இணைக்கும் வடத்தைக் கீறிப் பார்ப்போர், அதனுள்ளே எட்டு மெல்லிய செம்புக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்குண்டு கிடப்பதைக் காண்பர். கயிறு திரிப்போர் வலிமை வேண்டிப் பிரிகளை முறுக்குவர். இக்கம்பிகளை முறுக்கியதன் நோக்கமோ வேறு. அதன் வரலாறு கணினி தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னரே தொடங்குகிறது.

1876இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். தந்தி முறையைப் பின்பற்றித் தொடக்கத்தில் ஒற்றைக் கம்பியே கட்டப்பட்டது. மின்னோட்டம் திரும்புவதற்கு நிலமே வழியாயிற்று. தந்திக்கு அது போதும். மனிதக் குரலுக்குப் போதவில்லை. அண்டைக் கம்பியில் பேசுவோரின் பேச்சு இங்கே கேட்டது. மின்விளக்கும் மின்சார டிராம் வண்டியும் நகரங்களுக்கு வந்தபின் இரைச்சல் மேலும் பெருகிற்று. மறைபொருள் பேச வந்தவனுக்கு ஊரே செவிசாய்த்து நின்றாற் போன்ற நிலை!

1881இல் பெல் பெற்ற மற்றொரு காப்புரிமை இதற்கு மருந்தாயிற்று. ஒரு கம்பியில் செல்லும் மின்னோட்டம் மறு கம்பியில் திரும்பும். இரண்டையும் முறுக்கிவிட்டால், புறத்தேயிருந்து வரும் இடையூறு இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்கும். கேட்கும் கருவி இரண்டிற்குமுள்ள வேறுபாட்டை மட்டுமே ஏற்பதால், சமமாய் வந்த இரைச்சல் தானே கழிந்துபோகும். மதில் எழுப்பாமலே பகையை மாய்க்கும் இவ்வழி, தொலைபேசிக் கருவியினும் பெல்லின் நுண்ணறிவுக்குச் சிறந்த சான்று எனின் மிகையாகாது.

கணினிகளை இணைக்க முற்பட்டவர்கள் முதலில் இதை நாடவில்லை. 1973இல் கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்சும் உருவாக்கிய ஈதர்நெட், தடித்த ஓரச்சு வடத்தையே நம்பியிருந்தது. விலை மிகுந்த அவ்வடம் எளிதில் வளையாது. அனைத்துக் கணினிகளும் ஒரே வடத்தில் தொங்கியமையால், ஓரிடத்தில் அறுந்தால் அப்பகுதி முழுவதும் ஊமையாகிவிடும். அதே கட்டடச் சுவர்களுக்குள்ளேயே தொலைபேசிக்காக இழுத்த முறுக்குக் கம்பிகள் பயனின்றிக் கிடந்தன! குரலுக்கென அமைந்த கம்பி இத்தனை விரைவைத் தாங்காது என்பதே பலர் கருத்து. அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து பிரிந்தவர்கள் 1985இல் தொடங்கிய சினாப்டிக்ஸ் நிறுவனம், தாங்கும் எனக் காட்டியது. 1990இல் இது பொதுத்தரமாக வகுக்கப்பட்டது: 100 மீட்டர் தொலைவுக்கு வினாடிக்கு ஒரு கோடி பிட். ஒவ்வொரு கணினிக்கும் தனிக்கம்பி நடுவிலுள்ள குவியத்திலிருந்து சென்றமையால், ஒன்று அறுந்தால் அதுமட்டுமே வாடும்.

1995இல் விரைவு பதின்மடங்காயிற்று. 1999இல் நூறு மடங்கு. 2006இல் ஆயிரம் மடங்கு. செம்பு அதே செம்புதான். முறுக்குதான் மேன்மேலும் நுணுக்கமாயிற்று. நான்கு இணைகளுக்கும் முறுக்களவு வேறுவேறாக வைக்கப்படும். ஒன்றேயாயின் ஓர் இணையின் செய்தி அடுத்ததில் ஒலிக்கும். பெல் காலத்து நோயே மீண்டும் தலைகாட்டும். ஐந்தாம் வகை வடத்தின் முனையில் இணைப்பியைப் பொருத்தும் தொழிலாளர் 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கை அவிழ்த்தல் ஆகாது என்று விதியுண்டு.