அலுவலக வழங்கிகளுக்கிடையே கோப்பு நகலாக்கம்: குறைந்த செலவு முறைகளின் வரலாறு

கோப்பு நகலாக்கம் என்பது ஓரிடத்தில் உள்ள வழங்கியின் (சர்வர்) கோப்புகளை வேறோர் இடத்தில் உள்ள வழங்கியில் தொடர்ந்து படியெடுத்து வைக்கும் முறையாகும். தீ, வெள்ளம், வன்தட்டுப் பழுது போன்றவற்றால் முதல் வழங்கி அழிந்தாலும் இரண்டாவதைக் கொண்டு பணியைத் தொடர்வதே இதன் நோக்கம். பெருநிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகியிருந்த இம்முறை, 1996க்குப் பின் கட்டற்ற மென்பொருள்களின் வழியாகச் சிறு அலுவலகங்களுக்கும் எட்டியது.

தொடக்க நிலை

நெடுங்காலமாகக் காந்த நாடாக்களில் படியெடுத்து, அவற்றை வேறு கட்டடத்தில் வைப்பதே வழக்கமாக இருந்தது. 1994இல் ஈஎம்சி நிறுவனம் எஸ்ஆர்டிஎஃப் என்னும் தொலைநகலாக்க முறையை அறிமுகப்படுத்தியது. இதற்கு இரு இடங்களிலும் அந்நிறுவனத்தின் விலையுயர்ந்த சேமிப்புக் கருவிகளும், அவற்றை இணைக்கத் தனி இணைப்பும் தேவைப்பட்டன. வங்கிகளால் அச்செலவைத் தாங்க முடிந்தது. கருமத்தம்பட்டி போன்ற நெசவு ஊர்களின் சிறு அலுவலகங்களுக்கு அது எட்டாக் கனி.

இரண்டாம் படி எங்கே இருக்க வேண்டும் என்பதும் முக்கியமானது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டது. இன்றும் இப்பகுதி நிலநடுக்க மண்டலம் மூன்றில் உள்ளது. அத்தகைய பேரிடரில் அடுத்த தெருவில் இருக்கும் படியும் சேர்ந்தே போகக்கூடும். தொலைவு கூடினால் பாதுகாப்பும் கூடும். ஆனால் இணைப்பின் வேகம் குறையும். நொடிக்கு 2 மெகாபிட் இணைப்பில் 10 ஜிபி தரவை முழுதாக அனுப்ப ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகும். நாள்தோறும் முழுப் படி எடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

ஆர்சிங்க்

இச்சிக்கலுக்கு 1996இல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகியோர் ஆர்சிங்க் என்னும் மென்பொருளின் வழியே தீர்வு தந்தனர். லினக்ஸ் கணினியை விண்டோஸ் கணினிகளுக்கான கோப்பு வழங்கியாக்கும் சாம்பா மென்பொருளைத் தொடங்கியவரும் டிரிட்ஜெல்லே.

ஆர்சிங்க் செயல்படும் விதம் எளிமையானது. பெறும் கணினி தன்னிடமுள்ள பழைய கோப்பைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரு சரிபார்ப்பு எண்களைக் கணக்கிட்டு அனுப்புகிறது. அனுப்பும் கணினி புதிய கோப்பில் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து, அதே எண்களைத் தரும் பகுதிகளைத் தேடுகிறது. முதல் எண் எளிதில் கணக்கிடத் தக்கது. ஒரு பைட்டு நகரும்போது முந்தைய விடையிலிருந்தே அடுத்ததைப் பெறலாம். அது பொருந்தினால் மட்டுமே வலுவான இரண்டாம் எண் ஒப்பிடப்படும். கோப்பின் தொடக்கத்தில் ஒரு வரியைச் சேர்த்து மற்றவையெல்லாம் தள்ளிப்போனாலும், பழைய துண்டுகள் அடையாளம் காணப்பட்டுவிடும். மாறிய பகுதி மட்டுமே இணைப்பின் வழியே செல்லும்.

இரு பழைய கணினிகள், சாதாரண இணைய இணைப்பு, இரவில் தானாக இயங்கும் ஒரு கட்டளை ஆகியவை இருந்தால் போதும் என்ற நிலை இதனால் உருவானது.

குளஸ்டர்எஃப்எஸ்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி, கலிபோர்னியா டிஜிட்டல் நிறுவனத்தில் தண்டர் மீக்கணினியை உருவாக்கும் பணியில் ஈடுபட்டவர். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் நிறுவப்பட்ட தண்டர், 2004 சூனில் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம் பெற்றது. பின்னர் அவர் இணைந்து நிறுவிய குளஸ்டர் நிறுவனம், சாதாரணக் கணினிகளின் வன்தட்டுகளை ஒன்றிணைத்து ஒரே சேமிப்பகமாக்கும் குளஸ்டர்எஃப்எஸ் மென்பொருளை உருவாக்கியது. குனூ, கிளஸ்டர் ஆகிய சொற்களின் இணைப்பே இப்பெயர்.

இதன் தொலைநகலாக்க வசதி, மாறிய கோப்புகளைக் கண்டறிந்து, அவற்றை அனுப்பும் பணிக்கு ஆர்சிங்கையே பயன்படுத்தியது. 2011 அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் ஏறத்தாழ 13.6 கோடி டாலருக்குக் குளஸ்டரை வாங்கியது. இதற்கிடையே, வன்தட்டின் ஒவ்வொரு எழுத்தையும் உடனுக்குடன் மறு கணினியிலும் பதியும் டிஆர்பிடி மென்பொருள் 2010இல் லினக்ஸ் கருவில் சேர்க்கப்பட்டது.

வரம்புகள்

நகலாக்கம் காப்புப்படிக்கு மாற்றாகாது. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், நகலாக்க முறையைப் பொறுத்து அவ்வழிப்பும் மறுமுனைக்குச் செல்லும். பணயத் தீநிரல் பூட்டிய கோப்பும் அப்படியே படியெடுக்கப்படும். 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை வழங்கி என எண்ணி முதன்மை வழங்கியின் தரவுத்தள அடைவை அழித்தார். வேறு காப்பு வழிகளும் உரியவாறு இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஆறு மணி நேரத்திற்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த படியே உதவியது. இடைப்பட்ட பதிவுகளை மீட்க முடியவில்லை.

கணக்கு மென்பொருள் இயங்கும்போது எடுக்கப்படும் படியில் முன்னும் பின்னும் பொருந்தாத பதிவுகள் இருக்கக்கூடும் என்பது மற்றொரு குறை. எனவே மென்பொருளை மூடிய பின் படியெடுப்பதும், நாள்வாரியாகப் பழைய நிலைகளைத் தனியே வைத்திருப்பதும் தேவை. ஆர்சிங்கில் மாறாத கோப்புகளுக்கு முந்தைய நாள் படியையே சுட்டும் வசதி இருப்பதால், இதற்கு மிகுந்த இடம் தேவைப்படுவதில்லை. அவ்வப்போது இரண்டாம் வழங்கியிலிருந்து சில கோப்புகளை மீட்டெடுத்துத் திறந்து பார்ப்பதற்குச் செலவே இல்லை. கிட்லேப் நிகழ்வில் விடுபட்டிருந்ததும் இத்தகைய சோதனையே.